இரண்டு நாட்டிலும் எங்களை ஏழையாக விடாத வீடு

“டென்மார்க்கைப் பற்றிப் புத்தகம் மாதிரி எழுதினவளுக்கு டென்மார்க்குக்கு ஒரு கடிதம் எழுதத் தெரியுமோ எண்டு பாப்பம்.”

அப்பா இதை என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. கிணற்றடியில் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு அம்மாவிடம் சொன்னார். ஆனால் எனக்குக் கேட்க வேண்டும் என்றுதான் சொன்னார். குரலின் உயரத்திலேயே அது தெரிந்தது. எனக்குக் கோபம் வந்தது. கோபத்தோடு கொஞ்சம் சந்தோசமும் வந்தது. கடிதம்தானே. அதைவிட இலகுவான வேலையை எங்கள் வீட்டில் எனக்கு யாரும் தந்ததில்லை.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதற்கு மேல் எழுத்து எதற்கு என்பது அவர் எண்ணம். அம்மா ஐந்தாம் வகுப்போடு வயல் வேலைக்குப் போனவர். அம்மாவின் தங்கை, என் சின்னம்மா, எட்டாம் வகுப்பு வரை போனார். அதன் பிறகு இடப்பெயர்வு, அதன் பிறகு டென்மார்க். நான் பல்கலைக்கழகத்தில் பொருளியல் படித்தேன். கடைசி ஆண்டில் எழுதிய ஆய்வுக் கட்டுரை ஐரோப்பிய நாடுகளின் பொருளாதாரச் சுதந்திரத்தையும் நலன்புரி அரசையும் பற்றியது. அதற்குக் கறுப்பு மட்டை கட்டிச் சாமி அறையில் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு யாராவது வந்தால் அம்மா எடுத்துக் காட்டுவார். உள்ளே படங்கள் இல்லாததால் வந்தவர்கள் உடனே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

அந்தக் கட்டுரையை எழுதியது நாட்டில் எரிபொருளும் காசும் முடிந்துபோயிருந்த மாதங்களில். மின்சாரம் இருந்தால் தட்டச்சு, இல்லாவிட்டால் மண்ணெண்ணெய் வரிசை. வரிசையில் எண்ணெய்க் கானை வைத்து அதன்மேல் இருந்துகொண்டு வாசித்தேன். முதலில் ஒன்றுமே பிடிபடவில்லை. எங்களுக்குப் படிப்பித்த போது கரும்பலகையை நடுவால் பிரித்து, ஒரு பக்கம் சந்தை, மறுபக்கம் அரசு என்று எழுதியிருந்தார்கள். டென்மார்க் எந்தப் பக்கத்திலும் அடங்க மறுத்தது. அங்கே முதலாளி நினைத்தால் ஆளை இலகுவாக நிறுத்தலாம். சட்டத்தால் விதித்த குறைந்தபட்சக் கூலி என்று ஒன்றில்லை. வியாபாரத்துக்குக் கதவு திறந்தே கிடக்கிறது. அதே நாட்டில் வரி மிக அதிகம், ஆஸ்பத்திரியும் படிப்பும் இலவசம், வேலை போனவரை அரசாங்கம் தாங்குகிறது. பல நாள் குழம்பிய பிறகு ஒரு வசனம் எழுதினேன். விழுந்தால் தாங்க ஆள் இருக்கிறது என்று தெரிந்தவர்களே துணிந்து ஓடுவார்கள் என்று. மேற்பார்வை செய்த விரிவுரையாளர் அதன் கீழே பென்சிலால் கோடு போட்டிருந்தார். அந்தக் கோட்டைப் பார்ப்பதற்காகவே நான் பல தடவை அந்தப் பக்கத்தைப் புரட்டியிருக்கிறேன்.

அந்த வசனத்தை எழுதியபோது சின்னம்மாவை நான் ஒரு கணமும் நினைக்கவில்லை. இதை ஒத்துக்கொள்ள வெட்கமாக இருக்கிறது. அவர் இருந்த டென்மார்க் தொலைபேசிக்குள் இருந்தது. சொக்லேட்டும் முகப்பூச்சும் அனுப்பியது. நான் எழுதிய டென்மார்க் வேறொரு நாடு.

சின்னம்மா அங்கே ஒரு தளபாடத் தொழிற்சாலையில் மேசைக் கால்களை மினுக்கும் வேலை செய்தார். இருபது வருடத்துக்கு மேல். கணவரை விட்டுப் பிரிந்து, மகனைத் தனியாக வளர்த்தார். சென்ற வருடம் அந்தத் தொழிற்சாலையைப் போலந்துக்குக் கொண்டுபோனார்கள். மேசைகள் போயின, இயந்திரங்கள் போயின. சின்னம்மாவும் அவரோடு வேலை செய்தவர்களும் நின்றுவிட்டார்கள். மற்றவர்கள் வேலையிழப்புக் காப்புறுதி நிதி ஒன்றில் சேர்ந்திருந்தார்கள். அந்த நாட்டில் அதில் விரும்பினால் சேரலாம், விரும்பாவிட்டால் விடலாம். மாதாமாதம் சந்தா கட்ட வேண்டும். சின்னம்மா சேரவில்லை. அந்தச் சந்தாக் காசு மாதாமாதம் எங்கள் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தது. என் பல்கலைக்கழக பஸ் காசும் அதிலிருந்துதான்.

அதனால் அவருக்கு மிஞ்சியது கொமூன் மட்டும். நகரசபைக்கு அங்கே அப்படித்தான் சொல்கிறார்கள். ஒன்றுமில்லாதவர்களுக்கு அது கொடுக்கும் பணத்தை எங்கள் ஆட்கள் சோசல் காசு என்பார்கள். எங்கள் ஊரில் ஒரு மாப்பிள்ளையைப் பற்றி “சோசலிலை இருக்கிறாராம்” என்று யாராவது சொன்னால் பேச்சு அந்த இடத்திலேயே நின்றுவிடும். அதனால் சின்னம்மா அதை என்னிடம் சொன்னபோது, அத்தனை ஆயிரம் மைலுக்கு அப்பால் இருந்தும் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னார்.

“பிள்ளை, கொமூனிலை ஒரு மனிசி கேட்டவ, வேறை நாட்டிலை வீடு வளவு ஏதும் இருக்கோ எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

“இருக்கு எண்டன்.”

“ஏன் சின்னம்மா?”

“இருக்குத்தானே. இருபது வரியமா வேலைத்தலத்திலை எல்லாருக்கும் சொல்லிக்கொண்டு திரிஞ்சனான், எங்கடை ஊரிலை எனக்கு ஒரு வீடு இருக்கெண்டு. இப்ப போய் இல்லையெண்டு சொல்ல வாய் வரேல்லை.”

வீட்டின் உறுதிப் பத்திரம், அதன் பெறுமதிக்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை, வீட்டை ஏன் அவர் பயன்படுத்தவில்லை என்பதற்கு ஒரு விளக்கம். இவ்வளவையும் ஆங்கிலத்தில் கேட்டிருந்தார்கள். “நீதானே உதுகளைப் படிச்சனீ,” என்றார் சின்னம்மா. வாடகை கட்டுவதற்கு அவரிடம் இரண்டு மாதத்துக்குத்தான் பணம் இருந்தது. அதற்குள் கொமூன் ஓம் என்று சொல்ல வேண்டும்.

அவர் இருக்கு என்று சொன்ன அந்த வீட்டில்தான் நாங்கள் இருக்கிறோம்.

எங்கள் பக்கத்து வழமைப்படி பெற்றோரின் வீடு கடைசி மகளுக்குச் சீதனமாகப் போகும். அப்படித்தான் உறுதி சின்னம்மாவின் பெயரில் எழுதப்பட்டது. மூத்தவளான அம்மாவுக்கு வேறொரு சிறிய காணி கொடுத்தார்கள். டென்மார்க்கில் மாப்பிள்ளை பொருந்தி, சின்னம்மாவை அனுப்ப ஏஜென்சிக்காரனுக்குக் காசு வேண்டியிருந்தபோது, விற்கக் கூடியதாக இருந்தது அம்மாவின் காணிதான். “அக்கா, வீடு இனி உனக்குத்தான்,” என்று சொல்லிவிட்டுச் சின்னம்மா போய்விட்டார். அதை யாரும் பத்திரத்தில் எழுதவில்லை. பிறகு அவர் அனுப்பிய காசில் ஓட்டுக்கூரை வந்தது, தரைக்கு மாபிள் வந்தது. சீமெந்து குழைத்ததும் கல் சுமந்ததும் அப்பா. இந்த வீடு யாருடையது என்று யாரும் கேட்கவில்லை. கேட்காதவரை அந்தக் கேள்வியே எங்களிடம் இல்லை.

மதிப்பீட்டாளர் ஒருவர் சாவகச்சேரியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் ஒரு அறை வைத்திருந்தார். நான் கதிரையில் இருக்கும் முன்பே கேட்டார்.

“எந்த எம்பசிக்குப் பிள்ளை?”

“எம்பசிக்கு இல்லை ஐயா. டென்மார்க்கிலை ஒரு அலுவலகத்துக்கு.”

“டென்மார்க்கோ. நல்ல நாடு. அங்கை ஆர் இருக்கினம்?”

“சின்னம்மா.”

“அப்ப சரி,” என்று எழுதிக்கொண்டார்.

அந்த இடத்திலேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். எங்கள் பகுதியில் மதிப்பீட்டு அறிக்கை எடுப்பவர்களில் முக்கால்வாசிப் பேரும் விசாவுக்காகத்தான் எடுக்கிறார்கள். இவ்வளவு சொத்தை விட்டுவிட்டுப் போகிறவர் கட்டாயம் திரும்பி வருவார் என்று தூதரகம் நம்ப வேண்டும். அதனால் எல்லோருக்கும் வேண்டியது பெரிய தொகை. என்னோடு படித்த இரண்டு பேர் அப்படி எடுத்ததை நானே பார்த்திருக்கிறேன். சிறிய தொகை வேண்டும் என்று யாரும் அந்த அறைப் படி ஏறியிருக்க மாட்டார்கள்.

அடுத்த நாள் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அம்மா கோயிலுக்குக் கட்டுகிற சேலையைக் கட்டியிருந்தார்.

“அந்தப் பிலாவையும் எழுதுங்கோ ஐயா. வரியம் தப்பாமல் காய்க்கும்.”

“எழுதுவம், எழுதுவம். கிணத்துத் தண்ணி எப்பிடி?”

“நல்ல தண்ணி. ஒரு துளி உப்பில்லை. குடிச்சுப் பாருங்கோவன்.”

“பெரிய ரோட்டுக்கு எவ்வளவு தூரம் வரும்?”

“இந்தா, கூப்பிடு தூரம்.”

“ஆர் கூப்பிடுற தூரம்?” என்று வேலிப் பக்கமிருந்து அப்பா கேட்டார். “உவள் கூப்பிட்டால் கொடிகாமத்துக்கும் கேக்கும், ஐயா. அதைப் பாத்து எழுதிப் போடாதேங்கோ.”

மதிப்பீட்டாளர் சிரித்துக்கொண்டு நாடாவை இழுத்தார். நாங்களும் சிரித்தோம். எங்கள் வீட்டை ஒருவர் அவ்வளவு கவனமாகப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அறிக்கை வந்தபோது தொகை எழுத்திலும் இலக்கத்திலும் இருந்தது. அப்பா அதை இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்.

“இவ்வளவு விலையான வீட்டிலையோ நான் கிழிஞ்ச சாரத்தோடை திரியிறன்?”

அம்மா அன்று பின்னேரமே வேலிக்கு மேலால் பக்கத்து வீட்டுக்குச் சொல்லிவிட்டார். எனக்கும் அந்தத் தொகை பிடித்திருந்தது. சாவகச்சேரியில் ஒரு கடையில் எல்லாவற்றையும் ஸ்கான் செய்து, நான்கு பக்கக் கடிதத்தோடு அனுப்பினேன். எங்கள் சீதன வழமைக்கு மட்டும் ஒரு முழுப் பக்கம். இணைக்கப்பட்ட அறிக்கையிலிருந்து இது மதிப்புள்ள ஒரு குடும்பச் சொத்து என்பதைக் காணலாம் என்றும் ஒரு வசனம் சேர்த்தேன். யாரும் கேட்காத வசனம். சின்னம்மா ஒன்றுமில்லாத வீட்டுப் பிள்ளை இல்லை என்று அந்தக் கொமூன் பெண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். உதவி கேட்கிற கடிதத்தில், இவருக்கு உதவி தேவையில்லை என்று நிரூபித்து அனுப்பினேன். பொருளியல் படித்தவள் செய்தேன் இதை.

மூன்று கிழமையால் சின்னம்மா தொலைபேசி எடுத்தார். மறுமொழிக் கடிதத்தை வைத்துக்கொண்டு டெனிசில் வாசித்து வாசித்துத் தமிழில் சொன்னார்.

“இவ்வளவு பெறுமதியான வீடு வைச்சிருக்கிற ஆளுக்குச் சனத்தின்ரை வரிக்காசிலை தர ஏலாதாம். விக்கட்டாம். வித்த காசு முடிஞ்சால் பிறகு வரட்டாம்.”

“விக்கேலாட்டி?”

“விக்கத் தெண்டிச்சதுக்கு அத்தாட்சி வேணுமாம்.”

அறிக்கையின் பிரதியை எடுத்து அந்தத் தொகையை மறுபடியும் பார்த்தேன்.

“நீ நல்ல வடிவா எழுதியிருக்கிறாய் எண்டு அந்த மனிசி சொன்னவ,” என்றார் சின்னம்மா. குத்திச் சொல்லவில்லை. உண்மையிலேயே பெருமையாகச் சொன்னார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

“தம்பி பாக்க மாட்டானோ?” அவருடைய மகனைத்தான் கேட்டேன்.

“அவனுக்கு அவன்ரை குடும்பம். இஞ்சை பிள்ளையள் தாய் தேப்பனைப் பாக்க வேணுமெண்டு சட்டமில்லை. நான் போய் அவனிலை தொங்கவும் மாட்டன்.” உடனேயே பேச்சை மாற்றினார். “நீங்கள் வீட்டை ஒண்டும் செய்ய வேண்டாம். ஒரு தமிழ்க் கடையிலை சமையலுக்குக் கேட்டிருக்கிறன். முழங்கால்தான் கனநேரம் நிக்க விடாது.”

அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். தொலைபேசியை வைத்ததும் அப்பா தொடங்கினார்.

“முதல் இதைச் சொல்லுங்கோ. இந்த வீடு ஆற்ரை?”

“என்ரை காணி போனதிலைதானே அவள் போனவள்,” என்றார் அம்மா.

“அதுக்கு எழுத்து இருக்கோ?”

“கூடப் பிறந்ததுக்கு எழுத்தோ?”

“டென்மார்க்காரன் எழுத்துத்தான் கேக்கிறான். உன்ரை மகளும் அதைத்தானே மட்டை கட்டி வைச்சிருக்கிறாள்.”

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

ஒரு நாடு பொருளாதாரச் சுதந்திரத்தில் எந்த இடத்தில் நிற்கிறது என்று பார்ப்பவர்கள் முதலில் பார்ப்பதில் ஒன்று சொத்துரிமை. யாருடையது எது என்று தெளிவாக எழுதப்பட்டிருக்க வேண்டும். விற்க நினைத்தவர் விற்கக் கூடியதாக இருக்க வேண்டும். அப்படி இல்லாத நாடுகள் முன்னேறுவது கஷ்டம் என்று நானும் எழுதியிருக்கிறேன். எங்கள் வீடு அந்தத் தெளிவின்மையின் மேல்தான் நிற்கிறது. எழுதாமல் விட்டதால்தான் அம்மாவின் காணி போனதற்கு ஈடாக அவர் கையில் ஒன்றுமில்லை. எழுதாமல் விட்டதால்தான் நாங்கள் வாடகையில்லாமல் இருக்கிறோம். தெளிவாக எழுதிப் பார்த்தால் நாங்கள் இன்னொருவர் வீட்டில் இருப்பவர்கள்.

சரி, எங்கள் வழிதான் நல்லது, அவர்கள் வழி மனமில்லாதது என்று முடித்துவிடலாமா? அதற்கும் மனம் வரவில்லை. சின்னம்மா கணவரை விட்டுப் பிரிந்தபோது மகனுக்கு மூன்று வயது. இங்கே இருந்திருந்தால் நான்கு பேர் வந்து சமாதானம் பேசி அவரைத் திரும்ப அதே வீட்டுக்குள் அனுப்பியிருப்பார்கள். அங்கே அவர் யாரிடமும் கேட்கவில்லை. கொமூன் ஒரு சின்ன வீடு கொடுத்தது, பிள்ளையைப் பார்க்க இடம் கொடுத்தது, மொழி படிப்பித்தது. எங்களுக்கே ஒரு வருடத்துக்குப் பிறகுதான் தெரியும். சொந்தக்காரர் தாங்காத இடத்தில் அந்த நாடு அவரைத் தாங்கியது. அதே நாடுதான் இப்போது, வீடு இருக்கிறதே, போய் விற்றுவிட்டு வா என்கிறது. அந்தக் கொமூன் பெண் சொல்வதிலும் பிழை தெரியவில்லை. வீடே இல்லாத ஒருவர் கட்டும் வரியில், வீடு உள்ள ஒருவருக்கு ஏன் கொடுக்க வேண்டும்? அந்தக் கதிரையில் நான் இருந்தாலும் அதைத்தான் எழுதியிருப்பேன்.

இங்கேயும் அதுதான் நடந்தது. அரசாங்கத்தின் உதவிப்பணத்துக்கு, கிராம அலுவலரான விதானையார் தந்த ஒரு படிவத்தை அம்மாவும் நிரப்பியவர். கூரை என்ன, தரை என்ன, வெளிநாட்டில் ஆட்கள் உண்டா என்று கேட்டிருந்தது. ஓடு, மாபிள், உண்டு என்று எழுதினோம், எங்களுக்குக் கிடைக்கவில்லை. கூலி வேலைக்குப் போகிற அப்பா வறியவர் இல்லை, வேலையிழந்த சின்னம்மாவும் வறியவர் இல்லை. இரண்டுக்கும் காரணம் ஒரே வீடு.

“வீடு எங்கடை இல்லையெண்டு அண்டைக்கு விதானையாரிட்டைச் சொல்லியிருக்கலாம்,” என்றார் அப்பா.

“சொல்லியிருக்கலாம். பிறகு ஊருக்குள்ளை என்னெண்டு நடக்கிறது?”

நான் உயர்தர மாணவர்களுக்கு ஒரு தனியார் கல்வி நிலையத்தில் பொருளியல் படிப்பிக்கிறேன். அரச நியமனம் வரும்வரை அதுதான் தொழில். அந்தக் கிழமை பாடம் கலப்புப் பொருளாதாரம். நானும் கரும்பலகையை நடுவால் பிரித்து எழுதினேன். முன் வரிசையில் இருந்த ஒரு பிள்ளை, “ரீச்சர், டென்மார்க் எந்தப் பக்கம்?” என்று கேட்டாள். அவளுடைய மாமா அங்கே இருக்கிறாராம். சோதனைக்கு வராது, விடு என்றேன். அப்படிச் சொல்கிற ஆசிரியர்களை நான் எவ்வளவு வெறுத்தேன் என்பது பஸ்ஸில் வரும்போதுதான் ஞாபகம் வந்தது.

வீட்டை அம்மாவின் பெயருக்கு மாற்றினால் என்ன என்று உறுதி எழுதுகிற ஒரு நொத்தாரிசிடம் கேட்டேன். இந்தக் கிழமையே எழுதலாம் என்றார். சின்னம்மாவிடம் சொன்னேன். அதை அவர் ஏற்கெனவே கொமூனில் கேட்டிருந்தார். உதவி கேட்ட பிறகு சொத்தைக் கொடுத்தால், வேண்டுமென்றே தன்னை வறியவராக்கிக்கொண்டார் என்று எடுப்பார்களாம்.

பிறகு மதிப்பீட்டாளரிடம் போனேன்.

“விசா கிடைச்சிட்டுதோ?” என்றார்.

நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“அட, பிச்சைச் சம்பளத்துக்கெண்டு முதலே சொல்லியிருந்தால் குறைச்சுத் தந்திருப்பனே பிள்ளை.”

“பிச்சையில்லை ஐயா. உரிமை.”

“சரி, உரிமை. அதுக்கொரு ரேட், விசாவுக்கொரு ரேட், பாங்க் கடனுக்கொரு ரேட். இப்ப என்ன, பாதியாக்கி ஒண்டு அடிச்சுத் தரட்டோ?”

“அப்ப உண்மையான விலை எது?”

“உண்மையான விலையோ?” அவர் சிரித்தார். “அது விக்கேக்கைதான் தெரியும். வாங்கிறவன் சொல்லுவான்.”

பாதியாக்கித் தா என்று சொல்ல வாய் வரை வந்தது. ஒரே ஆள், ஒரே வீடு, ஒரு மாத இடைவெளியில் இரண்டு தொகை. அந்தக் கொமூன் பெண் என்னை என்ன நினைப்பாள் என்றுதான் முதலில் யோசித்தேன். சின்னம்மாவின் வாடகையை இரண்டாவதாகத்தான் யோசித்தேன். என் பெருமை எனக்கு முன்னாலேயே ஓடுகிறது. வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அம்மா தேங்காய் துருவிக்கொண்டே நிமிராமல் சொன்னார்.

“விளம்பரம் போடு.”

“உண்மையாவே ஆரும் வந்து வாங்கிப்போட்டால், அம்மா?”

“வாங்கினால் வாங்கட்டும். அவள் அங்கை வாடகைக்கு வழியில்லாமல் நிக்கேக்கை, நான் அவளின்ரை வீட்டிலை படுத்து நித்திரை கொள்ளுறதோ?”

அவளின்ரை வீடு என்று அம்மா சொல்லி நான் கேட்டது அன்றுதான்.

அப்பா வாசலில் நின்று பீடி பற்ற வைத்துக்கொண்டிருந்தார். எங்கே போவது என்று கேட்பார் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

“போடுறதெண்டால் சரியான விலையைப் போடு,” என்றார். “கூட்டிப் போட்டு வாறவனைக் கலைக்கிறேல்லை.”

அதைத்தான் நான் யோசித்து வைத்திருந்தேன். அறிக்கையில் இருந்த தொகையை அப்படியே விளம்பரத்தில் போட்டால் யாரும் வரமாட்டார்கள். யாரும் வராவிட்டால் விற்க முயன்றதற்கு அத்தாட்சி கிடைக்கும். சின்னம்மாவுக்குப் பணம் வரும், வீடும் நிற்கும். பொய் ஒன்றும் இல்லை, ஒரு இலக்கம் மட்டும்தான். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்பா எப்படிக் கண்டுபிடித்தார் என்று தெரியவில்லை.

எங்கள் ஒழுங்கையில் கடந்த வருடத்தில் மூன்று காணிகள் கைமாறியிருந்தன. அந்த மூன்று வீடுகளுக்கும் போய், என்ன விலைக்கு என்று கேட்டேன். இரண்டு வீட்டில் உறுதியில் எழுதியது ஒன்று, கைக்குக் கை மாறியது ஒன்று. மூன்றாம் வீட்டில் பதிலே சொல்லவில்லை, உனக்கெதற்கு என்றார்கள். தெரிந்ததை வைத்து ஒரு விலையை நானே முடிவு செய்தேன். அது அறிக்கையில் பாதிக்கும் குறைவு. அப்பாவிடம் சொன்னபோது தலையை மட்டும் ஆட்டினார். இரண்டாம் தடவை வாசிக்கச் சொல்லவில்லை.

விளம்பரத்தைப் பற்றிச் சொன்னபோது சின்னம்மா அழுதார். பிறகு அங்கே அற்றோணித் தத்துவம் எழுதி, எனக்கு அனுப்பினார். அதன்படி, என்னுடையது அல்லாத ஒரு வீட்டை, அம்மாவுடையது என்று நான் பிறந்ததிலிருந்து நம்பிய வீட்டை, சின்னம்மாவின் சார்பில் விற்பதற்கு முழு அதிகாரமும் உள்ள ஆள் நான். அந்தப் பத்திரத்தைப் பதிவு செய்த அன்று நான் சுதந்திரமான ஆள் என்று நினைக்கத் தெண்டித்தேன். நினைக்க முடியவில்லை.

கொமூன் பெண்ணுக்கு இன்னொரு கடிதம் எழுதினேன். இந்தத் தடவை ஆறு வரி. முதல் அனுப்பிய தொகை எங்கள் ஊரில் விசாவுக்காகக் கணிக்கும் தொகை என்றும், அதைத் தெரிந்தும் அனுப்பியது என் பிழை என்றும், வீட்டை விளம்பரம் செய்திருக்கிறோம் என்றும் எழுதிப் பத்திரிகை நறுக்கை இணைத்தேன். இன்னும் மறுமொழி வரவில்லை.

விளம்பரத்தில் என் தொலைபேசி இலக்கத்தைத்தான் கொடுத்திருந்தேன். ஒவ்வொரு தடவை அது அடிக்கும்போதும், யாரும் வாங்கக்கூடாது என்று ஒரு கணமும், சின்னம்மாவுக்காக யாராவது வாங்க வேண்டும் என்று மறு கணமும் நினைக்கிறேன். முதலில் எடுத்தவர் தரகர். இரண்டாமவர் விலையை மட்டும் கேட்டு வைத்துவிட்டார். மூன்றாவது ஒரு பெண், கனடாவிலிருந்து. கரவெட்டியில் இருக்கிற தன் பெற்றோருக்கு வீடு தேடுகிறாராம். கிணற்றைப் பற்றிக் கேட்டார், உறுதியைப் பற்றிக் கேட்டார், இப்போது யார் இருக்கிறார்கள் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் உள்ளதைச் சொன்னேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு அவருடைய பெற்றோரை வரச் சொல்லியிருக்கிறேன். எந்தப் பஸ் தரிப்பில் இறங்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டேன்.